அண்ணாந்து ஒரு டம்ளர்

பிப்ரவரி 20, வியாழன்

இது பிசியோதெரபி மேடம் போடச் சொன்ன நோட்டு. சுகந்திக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை எண்ணெய் நீவினோம், கழுத்துப் பயிற்சி எத்தனை நிமிடம், முட்டை எத்தனை, கீரை உண்டா இல்லையா, எல்லாம் எழுதிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். "எல்லார்கிட்டயும் சொல்றேன், ஒருத்தரும் எழுதிட்டு வர்றதில்ல. நீங்களாவது எழுதுங்கம்மா" என்றார். இருபத்திரண்டு வருடமாகச் சத்துணவுக்கூடத்தில் எத்தனை பிள்ளை, எத்தனை முட்டை என்று எழுதுகிறவள் நான். எனக்கா எழுத வராது?

பெயர் சுகந்தி. வயது இருபத்தைந்து. என் மருமகள். போன ஆனி மாதம் பால் பொங்குகிறதே என்று பின்னடுப்பை அணைக்க எட்டினாள், துப்பட்டாவில் தீப்பிடித்துவிட்டது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். உயிர் தப்பியது. புண்ணும் ஆறியது. ஆறும்போதே தோல் சுருங்கி, தாடையை நெஞ்சோடு இழுத்துக் கட்டிவிட்டது. தலை நிமிராது. கீழுதடு இழுபட்டு எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். தண்ணீர் குடிப்பது குழல் வைத்துத்தான்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்தில் வைத்தால் நிமிர்ந்துவிடுவாள் என்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் அக்டோபரில் பதிந்தோம். ஜனவரிக்கு வரச் சொன்னார்கள். ஜனவரியில் ரத்தம் எட்டுதான் இருக்கிறது, பத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்கு ஒன்பதரை.

"ஒரு நாள் அண்ணாந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுக் காட்டிட்டா நீங்க பாஸ்" என்றார் மேடம் சுகந்தியிடம். சுகந்தி சிரித்தாள். அவள் சிரித்தால் குனிந்து தரையைப் பார்த்துச் சிரிப்பது போல இருக்கும்.

எண்ணெய் மூன்று தடவை. முட்டை இரண்டு. முருங்கைக்கீரை உண்டு.

பிப்ரவரி 27, வியாழன்

எண்ணெய் நான்கு தடவை. பயிற்சி இருபது நிமிடம். முட்டை இரண்டு. பேரீச்சம்பழம் தின்ன மாட்டேன் என்று ஒரே அடம். தின்ன வைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

ரத்தம் பத்து. வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துவிட்டதால் நாளைக்கே ஆபரேஷன் என்று நினைத்தேன். தியேட்டர் இந்தப் பிரிவுக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான். நாளுக்கு இரண்டு பேர். வார்டில் கிடப்பதோ பதினாறு பேர்.

காலையிலேயே பாத்ரூம் வரிசையில் ஒருத்தி கேட்டாள், "அந்தப் பொண்ணுக்கு நீங்க அம்மாவா?" மாமியார் என்றேன். அவ்வளவுதான். அவள் முகம் மாறியது. பக்கத்தில் நின்றவளை இடித்தாள். வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. தீக்காயம் பட்ட மருமகள், கூட வந்திருக்கும் மாமியார். வேறு என்ன நினைப்பார்கள்? ஆனியில் போலீசும் இப்படித்தான் பார்த்தது. மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்கினார். சுகந்தி நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதை எழுதி எல்லார் முன்னாலும் ஒட்டவா முடியும்?

பக்கத்துக் கட்டிலில் பஞ்சவர்ணம் என்று ஒருத்தி. முதுகுளத்தூர் பக்கம். விறகை மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடும் வேலை. மூட்டம் உள்வாங்கியபோது முகத்தில் அனல் அடித்துவிட்டது. இமைத் தோல் சுருங்கி இரண்டு கண்ணும் மூடாது. இன்று மதியம் நான் பயந்துவிட்டேன். குறட்டை விடுகிறாள், கண்ணோ என்னையே பார்க்கிறது. மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து, தூங்கும்போது ஈரத்துணி. இமைக்குப் புதுத் தோல் வைக்கும் வரை கருவிழி காயாமல் காப்பாற்ற வேண்டுமாம். நாள் போனால் பார்வை போகும் என்று டாக்டர் அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வார்டில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். "விடுங்கக்கா, இவளுகளுக்கு வேற சோலி இல்ல. நீங்க அந்தப் புள்ளைக்கு எண்ணெ தேய்க்கிறத நான் பாக்குறேன்ல" என்றாள்.

எண்ணெய் மூன்று தடவை. முட்டை ஒன்று, ஆஸ்பத்திரி முட்டை. சின்னது.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கு லிஸ்டில் பஞ்சவர்ணம் முதல் பேர். பச்சைச் சட்டையெல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு ஏதோ மில்லில் கை மாட்டிக்கொண்ட ஆளைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவசரம் அவருக்கு. தியேட்டர் மாலை வரை அவருக்கே சரியாகப் போயிற்று. பஞ்சவர்ணம் பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, "இன்னைக்கி என் பங்கு அவருக்குப் போல. கை பொழைக்கட்டும்" என்றாள்.

என்னால் அப்படிச் சொல்ல முடியாது. எனக்கு அந்த மனசு இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

லிஸ்டில் சுகந்தியும் இல்லை, பஞ்சவர்ணமும் இல்லை. மயக்க மருந்து டாக்டர் விடுப்பு. வந்த ஒருவர் சின்னக் கேஸ்களை மட்டும் பார்த்தார்.

பஞ்சவர்ணத்துக்கு நான் தினமும் காலையில் டீ வாங்கி வருகிறேன். கடையில் சொல்லியே வைத்திருக்கிறேன், சீனி தூக்கலாக என்று. பேப்பர் கப்பில் கொடுத்தால் அவளுக்கு இறங்காது. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில்தான் வாங்கி வருவேன்.

மார்ச் 20, வியாழன்

நாளைய லிஸ்ட் வந்துவிட்டது. ஒன்று பஞ்சவர்ணம். இரண்டாவது, ஆண்கள் வார்டில் ஒருவர். மூன்று சுகந்தி.

நாளுக்கு இரண்டு பேர்தானே, மூன்றாவது எதற்கு என்று அருள்மேரி சிஸ்டரிடம் கேட்டேன். "முதல் ரெண்டுல யாராவது ஃபிட் இல்லன்னு ஆச்சுன்னா மூணாவது ஆளு உள்ள போகும். அதுக்குத்தான். போகுதோ போகலையோ, உங்க மருமகளும் வெறும் வயித்தோட ரெடியா இருக்கணும்" என்றார்.

"டீ கூடக் கூடாதா சிஸ்டர்? வெறும் டீதானே."

"பால் டீ குடிச்சா சோறு சாப்பிட்ட மாதிரிதாம்மா. மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். ராத்திரி பத்துக்கு மேல ஒரு மடக்கு கூடாது."

பஞ்சவர்ணம் அப்போது கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் அவளிடம், "நாளைக்கு ஒண்ணும் சாப்பிடாம இருக்கணும், தெரியுதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு சிஸ்டர் ஊசி போடப் போய்விட்டார்.

சாயங்காலம் லிப்ட் பக்கம் தியேட்டர் வேலைக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை முதல் தியேட்டரை மூடுகிறார்களாம். ஏசி வேலை. நாற்பத்தைந்து நாளாவது ஆகும்.

நாற்பத்தைந்து நாள்.

மகன் ஜெகதீசன் கத்தாரிலிருந்து பேசினான். "ஆபரேஷன் முடிஞ்சிருச்சாம்மா?" என்றான். முடியவில்லை என்றேன். "முடிஞ்சதும் சொல்லுங்க, லீவு போடுறேன்" என்றான். சுகந்தியிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டதாம். ஆனிக்குப் பிறகு அவளிடம் ஒருமுறைகூட அவன் முகம் பார்த்துப் பேசவில்லை. என் வயிற்றில் பிறந்தவன்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எண்ணெய் நான்கு தடவை. பயிற்சி முப்பது நிமிடம். முட்டை இரண்டு.

மார்ச் 21, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது! சுகந்திக்கு முடிந்துவிட்டது!

காலையில் ஆறு மணிக்குக் கீழே போய் டீ குடித்தேன். வழக்கம்போல பஞ்சவர்ணத்துக்கும் ஒன்று வாங்கி வந்தேன். அவள் கூட இருந்த நாத்தனார் பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாள். இவள் கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருந்தாள். யாராக இருந்தாலும் செய்வதுதான்.

எட்டரைக்கு மயக்க மருந்து டாக்டர் வந்தார். பஞ்சவர்ணத்திடம், "ஏதாவது சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றாள். "டீ, காப்பி?" என்றார். "டீ மட்டும் குடிச்சேன் சார்" என்றாள். அவள் வீட்டில் டீ ஒரு சாப்பாட்டில் சேர்த்தியில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். டாக்டர் அட்டையில் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அருள்மேரி சிஸ்டருக்கு வந்ததே கோபம். "யாரு குடுத்தா? சொல்லு, யாரு வாங்கிக் குடுத்தா?" என்று வார்டு அதிரக் கத்தினார். பஞ்சவர்ணம், "யாரும் குடுக்கல சிஸ்டர். நானே கீழ போயி குடிச்சேன்" என்றாள்.

நான் அப்போது சுகந்திக்குப் பச்சைச் சட்டை நாடா கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாலு மணி நேரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாமியை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

டம்ளர் ஒன்றைக் காணோம். என் பெயர் வெட்டியது.

மார்ச் 22, சனி

தியேட்டர் மூடுவதால் பஞ்சவர்ணத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "திறந்ததும் வாம்மா. மே மாசம் முதல் வாரம்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சொட்டு மருந்து இரண்டு பாட்டில்.

போவதற்கு முன் சுகந்தியைப் பார்க்க வந்தாள். சுகந்திக்குக் கழுத்து முழுக்கக் கட்டு. முதன்முறையாக மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அடேயப்பா, மேல பாக்குறா பாருங்க" என்று பஞ்சவர்ணம் சந்தோஷப்பட்டாள். மூடாத கண்ணில் சந்தோஷம் வந்தாலும் தண்ணீர்தான், வராவிட்டாலும் தண்ணீர்தான்.

அவளை மாடிப்படி வரை கொண்டுபோய் விட்டேன். ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க வெள்ளந்தியா வாங்கித் தந்தீக. நானும் வெள்ளந்தியா குடிச்சேன். உங்க பேரச் சொன்னா இவளுக உங்கள உண்டு இல்லன்னு ஆக்கிருவாளுக. ஏற்கெனவே மருமகளக் கொளுத்தினவன்னு பேச்சு. எனக்கென்னக்கா, ஒன்றரை மாசந்தானே."

படி இறங்கிப் போய்விட்டாள். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு போனாள்.

சிஸ்டர் என்னிடம் சொன்னது சுகந்திக்கு. மற்றவர்களுக்கும் சேர்த்து என்று அவர் சொல்லவில்லை. அவளிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். வைத்த தோல் முழுவதும் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். கழுத்தைவிடத் தொடையில் தோல் எடுத்த இடம்தான் வலிக்கிறது என்று சுகந்தி அழுதாள். அழுத கண்ணீர் கன்னத்தில் வழிந்து காதுப்பக்கம் போனது. ஒன்பது மாதமாக அது மூக்கு நுனிக்குத்தான் போகும்.

சுகந்தியின் அம்மா வந்திருந்தார். ஆனியில் ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய அதே சம்பந்தியம்மா. இன்றைக்கு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பெத்தவ நான் செய்யாததை நீங்க செஞ்சிட்டீங்க" என்று கும்பிட்டார். பாத்ரூம் வரிசையில் முகம் திருப்பியவள்கூட இட்லி கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் செய்யாததற்கு இத்தனை நாள் முறைத்தார்கள். செய்ததற்கு இப்போது கும்பிடுகிறார்கள்.

இட்லியை வாங்கி வைத்தேன். தின்னவில்லை.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கழுத்துப் பட்டை இருபத்திரண்டு மணி நேரம் போட்டிருக்க வேண்டும். ஆறு மாதம். கழற்றினால் தோல் மறுபடி சுருங்கிவிடுமாம்.

பட்டை இருபத்திரண்டு மணி. எண்ணெய் மூன்று தடவை. முட்டை இரண்டு.

ஏப்ரல் 24, வியாழன்

பரிசோதனைக்குப் போனோம். பிசியோதெரபி மேடம் நோட்டைப் பார்த்துவிட்டுத் துள்ளினார். அங்கே இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, ஒரு மாமியார் எழுதினது. ஒரு நாள் விட்டுப்போகல. இப்படி இருக்கணும்." மேடம் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனபோது நோட்டை வாங்கக் கையை நீட்டினேன். முட்டையும் எண்ணெயும் எழுதிய கடைசி வரிகளைத்தான் பார்த்தார். மேலே இருப்பதைப் படிக்கவில்லை. யார் படிக்கப்போகிறார்கள்?

மார்ச் 21 பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பஸ்ஸில் நினைத்தேன். கிழித்தால் ஒரு நாள் விட்டுப்போகும்.

மே 8, வியாழன்

தியேட்டர் இன்னும் திறக்கவில்லை. ஏசி இயந்திரம் வந்து சேரவில்லையாம். ஜூன் என்கிறார்கள்.

வெளிநோயாளிகள் வரிசையில் பஞ்சவர்ணம் இருக்கிறாளா என்று இரண்டு முறை நடந்து பார்த்தேன். அருள்மேரி சிஸ்டரிடம் கேட்டேன். "வந்துச்சும்மா போன வாரம். இன்னும் திறக்கலன்னு திருப்பி அனுப்பிட்டோம். என்ன செய்ய? அன்னைக்கு மட்டும் அந்த டீயைக் குடிக்காம இருந்திருந்தா" என்று உச்சுக்கொட்டினார்.

சுகந்தி கேட்டாள், "என்னத்தே, யாரத் தேடுறீங்க?" தண்ணீர்ப் பானையைத் தேடுகிறேன் என்றேன்.

மே 19, திங்கள்

பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் நினைப்பு.

இந்த நோட்டில் பொய் எதுவும் எழுதவில்லை. எழுதிய வரிசைதான் பொய்.

வழக்கம்போல வாங்கி வந்தேன் என்று எழுதியிருக்கிறேன். வழக்கம்தான். ஆனால் 14ஆம் தேதி அவள் லிஸ்டில் இருந்தபோது நான் வாங்கி வரவில்லை. அன்றைக்கு அவள் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள், எனக்கு டீ ஞாபகமே வரவில்லை. 21ஆம் தேதி ஞாபகம் வந்தது.

கடையில் நின்றபோது மனசுக்குள் இரண்டு கணக்குப் போட்டேன். குடிக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்தால் வேண்டாம் என்பாள், அப்படியானால் என்மேல் தப்பில்லை. தெரியாவிட்டால் குடிப்பாள், அப்போதும் தெரியாமல் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, "நீங்க நல்லா இருப்பீகக்கா" என்றாள்.

இன்னொன்றும் உண்டு. டாக்டர் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, டீயா காப்பியா என்று கேட்காமல் போயிருந்தால்? அவள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். நுரையீரலுக்குள் போய்விடும் என்று சிஸ்டர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தும் நாடா கட்டிக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

பட்டை இருபத்து மூன்று மணி. எண்ணெய் ஐந்து தடவை. முட்டை மூன்று. சுகந்தி போதும் அத்தே என்கிறாள்.

ஜூன் 5, வியாழன்

தியேட்டர் திறந்துவிட்டது. பஞ்சவர்ணம் வந்திருந்தாள்.

நான் அவளைப் பார்ப்பதற்கு முன் அவள் குரலைக் கேட்டேன். "யாரு, அக்காவா?" என்று கிட்டத்தில் வந்து பார்த்தாள். தலையைச் சாய்த்து வலது கண்ணால் பார்த்தாள். இடது கண்ணில் கருவிழி முழுக்கப் பூ விழுந்து வெள்ளையாக இருந்தது.

"சொட்டு மருந்து தீந்துபோச்சு. அங்கிட்டு கெடைக்கல. கரித்தூசி வேற. ஒரு நாள் செவந்துச்சு, பெறகு புண்ணாயிருச்சு. வலதாவது இருக்கட்டும்னு இப்ப சட்டுனு தேதி குடுத்துட்டாக. செவ்வாக்கெழம" என்றாள். பிறகு சுகந்தியின் தாடையை விரலால் தூக்கிப் பார்த்து, "எம்புட்டு அழகா இருக்கா" என்றாள்.

சுகந்திதான் பேசினாள்.

ஜூன் 8, ஞாயிறு

எண்ணெய் நீவிக்கொண்டிருந்தேன். சுகந்தி திடீரென்று, "அன்னைக்குக் காலைல நான் முழிச்சுத்தான் இருந்தேன் அத்தே" என்றாள்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"எனக்கு அப்போ கீழ இருக்கிறது மட்டுந்தான தெரியும். உங்க காலு வந்துச்சு. எங்கிட்ட வரும்னு பாத்தேன். பக்கத்துக் கட்டிலுக்குப் போச்சு. நம்ம டம்ளரு. ஆவி பறந்துச்சு. சிஸ்டர் மொத நாளு உங்ககிட்ட சொல்லும்போது நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், அக்கா குடிக்காதீங்கன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. எச்சில் ஒழுகும்னு நெனச்சு மூடிக்கிட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

பிறகு, "நோட்டையும் படிச்சுட்டேன்" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. "நிறுத்தாதீங்க, காஞ்சிரும்" என்றாள். நீவினேன். இரண்டு பேரும் அழுதோம். ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பஞ்சவர்ணத்துக்கு இன்று ஆபரேஷன். சிஸ்டருக்கு போன் செய்து கேட்டேன். முடிந்துவிட்டது, இரண்டு இமையும் மூடுகிறது என்றார். இடது கண்ணுக்குப் பார்வை வருமா என்றேன். அதற்குக் கண் ஆஸ்பத்திரியில் பதிந்து, யாராவது தானம் கொடுத்த கருவிழி கிடைக்க வேண்டும், அது தனி வரிசை என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு சொல்ல முடியும்?" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

ஜெகதீசன் பேசினான். சுகந்தியின் படத்தை அனுப்பியிருந்தேன், பார்த்தானாம். ஆவணியில் வருகிறானாம். "நீங்க இல்லன்னா நடந்திருக்காதும்மா" என்றான். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். சுகந்தியிடம் சொன்னேன். "வரட்டும், பாத்துக்கலாம்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் புதிது.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். மூன்று பஸ். கடைசி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து கருவேலங்காட்டுக்குள் முக்கால் மணி நேர நடை. சுகந்தி பட்டையோடு நடந்து வந்தாள். நான் மட்டும் போகிறேன் என்றதற்கு, "நீங்க குடுத்தீங்க, நான் பாத்தேன். ரெண்டு பேரும் போவோம்" என்றுவிட்டாள்.

பஞ்சவர்ணம் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். புது இமை இரண்டும் தடித்துச் சிவந்திருந்தன. எங்களைப் பார்த்ததும் கண்ணை மூடி மூடித் திறந்து காட்டினாள். "பாத்தீகளா? இப்ப தூங்கினா இருட்டா இருக்குக்கா. எம்புட்டு நாளாச்சு இருட்டப் பாத்து!"

உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். வேண்டாம் என்றேன். காது கொடுத்துக் கேட்கவில்லை. டீயை ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு கண்ணாடி கிளாஸ். சுகந்திக்கு எவர்சில்வர் டம்ளர். அதில் என் பெயர் வெட்டியிருந்தது.

"உங்க டம்ளருதான். அன்னைக்கி சிஸ்டர் கண்ணுல பட்டா பேர வாசிச்சிருவாகளேன்னு பைக்குள்ள போட்டேன். குடுக்க மறந்தே போனேன். களவாணிப் பொம்பளன்னு நெனச்சிருப்பீக" என்று சிரித்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நோட்டை எடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மார்ச் 20 பக்கத்தை வாசித்தேன். 21 வாசித்தேன். பிறகு மே 19. நடுவில் ஒரு சொல்லும் விடவில்லை. சுகந்தி, தான் பார்த்ததைத் தன் வாயால் சொன்னாள். கோழி ஒன்று உள்ளே வந்து போனது. டீயில் ஆடை படிந்துவிட்டது.

பஞ்சவர்ணம் வலது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கிச் சீனி தூக்கலா போட்டு வாங்கியாந்தீகளே. அதுவும் அதுக்குத்தானாக்கா?"

இல்லை என்று வாய் வரை வந்தது. அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காகத்தான் என்று சொல்ல வந்தேன். அன்றைக்குக் கடையில் அப்படி எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியல பஞ்சவர்ணம்" என்றேன்.

தலையை ஆட்டினாள். எழுந்து போய் அடுக்கிய விறகையே மறுபடி அடுக்கினாள். கண் ஆஸ்பத்திரியில் பதியப் போகும்போது நான் கூட வருகிறேன், எத்தனை தடவையானாலும் வருகிறேன் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அதற்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

கிளம்பலாம் என்று எழுந்தோம். அப்போதுதான் திரும்பினாள்.

"டீயக் குடிச்சிட்டுப் போங்க. ஆறிப்போச்சு."

நான் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தேன். சுகந்தி கழுத்துப் பட்டையை அவிழ்த்து மடியில் வைத்தாள். டம்ளரை எடுத்தாள். குழல் கொண்டுவர மறந்துவிட்டோமே என்று நினைத்தேன். அவள் டம்ளரைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல் மெதுவாக ஊற்றினாள். கொஞ்சம் மோவாயில் சிந்தியது. மறுபடி ஊற்றினாள். தைத்த கோடு இழுபட்டது, நிறுத்தவில்லை. முழு டம்ளரும் குடித்துவிட்டுத்தான் தலையை இறக்கினாள்.

பஞ்சவர்ணம் அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். சரியாகத் தெரிய வேண்டும் என்று தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லா குடிக்கிறா" என்றாள்.

டம்ளரைக் கழுவி என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

பட்டை பத்தொன்பது மணி. எண்ணெய் ஒரு தடவை. முட்டை இல்லை.
அண்ணாந்து ஒரு டம்ளர்.